வெயில் ஊரில் புளிப்பு நிற்குமா? அதிகம் பேசப்படாத ஊர்களின் வெள்ளை ஒயின்கள்

கேள்வி: தருமபுரியிலிருந்து ஒரு வாசகர், பிப்ரவரி 3

வேலை பெங்களூரில், வார இறுதியில் ஊருக்கு வருவேன். வெள்ளை ஒயின்களில் நியூசிலாந்து சாவிஞோன் பிளாங்க் ஒன்றுதான் நாக்கில் சுருக்கென்று பிடிக்கிறது. மற்றதெல்லாம் மந்தமாக இருக்கிறது. குளிர் நாட்டில் விளைந்தால்தான் புளிப்பு நிற்கும், வெயில் ஊரில் நிற்காது என்பது என் முடிவு. பெயர் அடிபடாத ஊர்களில் இதே சுருக்குள்ள ஒயின் கிடைக்குமா? எதை வாங்கலாம்?

பிப்ரவரி 3, இரவு

குளிர் நாடு என்பது பாதி பதில்தான். மீதியும் தெரிந்தால் கடையில் தைரியமாக வாங்கலாம்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் லேபில் இருக்கிறேன். சீசனில் காலையிலிருந்து இரவு வரை பிரிக்ஸ் என்கிற சர்க்கரை அளவு, புளிப்பு, பி.எச். (இந்த எண் குறைந்தால் புளிப்பின் கூர்மை அதிகம்) இவற்றை அளப்பதுதான் வேலை. பெங்களூரா மாம்பழம் காயாக இருக்கும்போது பல் கூசும். பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். திராட்சையும் அப்படித்தான். ஆனால் அதில் முக்கியமாக இரண்டு அமிலங்கள்: டார்டாரிக், மாலிக். டார்டாரிக் நம் புளியம்பழத்தில் இருப்பதேதான். அது வெயிலுக்கு லேசில் அசையாது. சூட்டில் காணாமல் போவது மாலிக். பழம் சுவாசிக்கும்போது அதைத்தான் எரிக்கிறது. பகல் சூட்டோடு ராத்திரியும் புழுங்கினால் இன்னும் வேகமாகத் தீர்ந்துவிடும்.

அதனால் பாட்டிலைக் கையில் எடுத்தால் நான் ஒன்றைத்தான் யோசிப்பேன்: இந்தத் திராட்சையின் புளிப்பை எது காப்பாற்றியது? உயரமா, கடற்காற்றா, கொடியின் பிறவிக் குணமா, சீக்கிரம் பறித்ததா? இதற்குப் பதில் கிடைத்தால் ஊர் பெயர் தெரியாவிட்டாலும் வாங்குவேன்.

பிப்ரவரி 4

வெயில் ஊரில் நிற்காது என்ற முடிவுக்கு நேர் எதிரான உதாரணம், கிரேக்கத்தின் சாண்டோரினி தீவு. கோடையில் மழையே கிடையாது. காற்று அடித்தால் கொடியைப் பிய்த்துக்கொண்டு போகும். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பலும் நுரைக்கல்லும்தான் மண். அங்கே பந்தல் போட்டால் நிற்காது. கொடியைத் தரையோடு வட்டமாகச் சுற்றிக் கூடை போல முடைந்துவிடுகிறார்கள். குலை அந்தக் கூடைக்குள் தொங்கும். வெளியே காற்றும் மணலும் அடிக்கும், உள்ளே காய் பத்திரமாக இருக்கும். ராத்திரி கடலிலிருந்து வரும் ஈரந்தான் தண்ணீர்.

திராட்சையின் பெயர் அசிர்ட்டிகோ. 13, 14 சதவீத ஆல்கஹால் வரும் அளவுக்குப் பழுத்தாலும் இதன் புளிப்பு இறங்குவதில்லை. பிறவிக் குணம். பி.எச். 3 பக்கத்தில் நிற்கும். வாயில் வைத்தால் எலுமிச்சைத் தோல், அப்புறம் உப்புக் கரித்த மாதிரி ஒரு முடிவு. பழ வாசனையை எதிர்பார்த்துக் குடிப்பவருக்கு முதலில் ஒன்றும் புரியாது. இரண்டாவது கிளாஸில் புரியும்.

இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்த ஃபைலாக்ஸெரா பூச்சி இந்த மண்ணில் பிழைக்க முடியவில்லை. களிமண்ணே இல்லாத சாம்பல் மண் அதற்கு ஆகாது. அதனால் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் பழங்கொடிகள் அங்கே இருக்கின்றன.

பிப்ரவரி 4, கொஞ்சம் கழித்து

விலை சொல்ல மறந்தேன். சாண்டோரினி இப்போது சல்லிசு கிடையாது. சுற்றுலாவுக்கு நிலம் போகிறது, வறட்சியில் மகசூல் சுருங்குகிறது, விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. அதே அசிர்ட்டிகோவைக் கிரேக்க நிலப்பகுதியிலும் நட்டிருக்கிறார்கள். அந்த பாட்டில் கண்ணில் பட்டால் அதை எடுங்கள். சுருக்கு கொஞ்சம் குறைவு, விலை நிறையவே குறைவு.

பிப்ரவரி 7

வெயில் ஊருக்கு இரண்டாவது சாட்சி ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கு. சிட்னிக்கு வடக்கே இருக்கிறது. வெயிலும் உண்டு, புழுக்கமும் உண்டு, அறுவடை நேரத்தில் மழை பயமும் உண்டு. செமியோன் என்ற திராட்சையை ஜனவரியிலேயே பறித்துவிடுகிறார்கள். சர்க்கரை முழுசாக ஏறும் முன்னால் பறிப்பதால் ஆல்கஹால் 10, 11 சதவீதத்தோடு நின்றுவிடும், புளிப்பு அப்படியே இருக்கும். மரப் பீப்பாய் வாசமே காட்டமாட்டார்கள். இளசாகக் குடித்தால் எலுமிச்சை கலந்த தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பத்து வருடம் வைத்தால் சுட்ட ரொட்டி வாசனை வந்துவிடும். பீப்பாயே படாத ஒயினில் அந்த வாசனை வருவதை நான் நம்பாமல் இருந்தேன், குடித்த பிறகு நம்பினேன்.

மாங்காய்க்காரன் எனக்கு இது உடனே பிடிபட்டது. எந்த நாளில் பறிக்கிறோம் என்பதுதான் பாதி ருசி. அரைப்பழமாகப் பறித்த லோடும் முழுப்பழ லோடும் ஒரே தோப்பிலிருந்து வந்தாலும் பியூரெட்டில், அதாவது புளிப்பை அளக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில், வேறு வேறு எண் காட்டும்.

ஆஸ்திரேலியாவைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் வெளிநாட்டு ஒயினுக்கு அடிப்படைச் சுங்கமே வெகுகாலம் 150 சதவீதம். 2022 டிசம்பர் 29இல் அமலான இந்தியா-ஆஸ்திரேலியா ஒப்பந்தத்தில், இறக்குமதி விலை 5 டாலருக்கு மேலான பாட்டிலுக்கு அது 100 ஆனது, பத்து ஆண்டுகளில் 50 வரை இறங்கும். 15 டாலருக்கு மேல் என்றால் 75இல் தொடங்கி 25 வரை. மாநில வரிகள் தனி. அதனால் கடைக்கு வரும்போது வித்தியாசம் கொஞ்சமாகத்தான் தெரியும், ஆனால் தெரியும்.

பிப்ரவரி 8

அளந்து பார்த்தீர்களா, அல்லது நாக்கால் சொல்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அளந்துதான் சொல்கிறேன்.

பெங்களூரில் அக்கா வீடு இருக்கிறது. மாமாவுக்கு ஒயின் ருசி உண்டு. சீசன் இல்லாத மாதங்களில் பையில் ஒரு பியூரெட், டெசிநார்மல் (0.1 N) காஸ்டிக் சோடாக் கரைசல், நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் சொட்டுக்குப்பி, கையடக்க பி.எச். மீட்டர் எல்லாம் எடுத்துக்கொண்டு போவேன். முதல் தடவை பார்த்த மாமா, "என்ன மாப்ள, பாட்டிலுக்கும் பாஸ் ஃபெயில் போடப் போறியா?" என்றார். இப்போது அவரே குடுவையை ஆட்டித் தருகிறார்.

வெள்ளை ஒயினை அளப்பது சுலபம். 10 மில்லி ஒயினை எடுத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, அடியில் வெள்ளை ஓடு வைத்து, காஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ரோஜா நிறம் தோன்றி ஆட்டியதும் மறையும். மறையாமல் அரை நிமிஷம் நின்றால் முடிந்தது. இறங்கிய மில்லியை 0.75ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை கிராம், டார்டாரிக் கணக்கில். 8 மில்லி இறங்கினால் 6 கிராம். மாங்கூழில் இதையே சிட்ரிக் கணக்கில் சொல்வோம், அங்கே பெருக்கும் எண் வேறு.

ஒரு எச்சரிக்கை. லேசாக நுரைக்கிற ஒயினாக இருந்தால் முதலில் குலுக்கி, வெந்நீரில் வைத்து வாயுவை விரட்ட வேண்டும். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் காஸ்டிக்கைக் குடிக்கும், இல்லாத புளிப்பைக் காட்டும்.

மாமா வாங்கிவைத்த நியூசிலாந்து பாட்டில் ஒன்று 7 கிராமைத் தாண்டியது. ஹன்டர் செமியோன் அதற்குக் கொஞ்சம்தான் கீழே. கண்ணை மூடிக் குடித்த அக்கா, செமியோன்தான் புளிக்கிறது என்றாள். காரணம் சர்க்கரை. நியூசிலாந்து சாவிஞோன்களில் பலவற்றில் லிட்டருக்கு 3, 4 கிராம் சர்க்கரையை மீதம் வைக்கிறார்கள். இனிப்பாகத் தெரியாது, ஆனால் புளிப்பின் முனையை மழுங்கடித்துவிடும். செமியோனில் மீதம் அநேகமாக ஒன்றுமில்லை.

பிப்ரவரி 11

கடற்கரை ஒயின்கள். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே இங்கேதான்.

ஆலை வேலையாக ராட்டர்டாம் போயிருந்தேன். கூழ் டிரம்கள் கப்பலில் அங்கேதான் இறங்கும். கூழ் வாங்குகிறவர் இரவு சாப்பிடக் கூட்டிப்போனார். ஒரு கறுப்புச் சட்டி நிறைய சிப்பி, கொத்தமல்லி மாதிரி ஒரு தழை, ஆவி. பக்கத்தில் ஒரு மஸ்கடே. பிரான்சில் லுவார் ஆறு கடலை நெருங்கும் நாந்த் நகரைச் சுற்றி விளைவது. எனக்கு அப்போது ஒயின் என்றால் இனிப்பாகவோ துவர்ப்பாகவோ இருக்கும் ஏதோ ஒன்று. இது அந்த இரண்டிலும் சேரவில்லை. சிப்பியின் உப்பைக் கழுவி எடுத்துவிட்டு, அடுத்த சிப்பிக்கு வாயைத் தயார் செய்தது. வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

அங்கே 17ஆம் நூற்றாண்டில் வெள்ளைத் திராட்சை நடத் தூண்டியவர்களே டச்சு வியாபாரிகள்தான், வடித்து பிராந்தி ஆக்குவதற்காக. 1709 கடுங்குளிரில் கொடிகள் பட்டுப்போயின. குளிர் தாங்கும் மெலோன் என்ற வகை பரவியது அதற்குப் பிறகு. மெலோனுக்குத் தனி வாசனை பெரிதாக இல்லை. அதனால் நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலிலேயே குளிர்காலம் முழுதும் ஊறப்போடுகிறார்கள். வண்டலிலிருந்து லேசான ரொட்டி வாசமும், நாக்கில் ஒரு வழுவழுப்பும் வரும். வண்டலோடு ஊறியது என்பதை லேபிளில் 'சூர் லீ' என்று போட்டிருப்பார்கள், அது இருக்கிறதா என்று பாருங்கள்.

தெற்கே வந்தால் பிக்பூல். மத்தியதரைக் கடலோரம், தோ என்ற காயல் பக்கம், நல்ல வெயில் ஊர். 2013இல்தான் தனி அங்கீகாரம் கிடைத்தது. காயலில் சிப்பி வளர்க்கிறார்கள், கரையில் பிக்பூல் வளர்க்கிறார்கள். வெயிலிலும் புளிப்பை விடாத திராட்சை என்பதற்கு அசிர்ட்டிகோவுக்கு அடுத்து இதைச் சொல்வேன். விலையில் அசிர்ட்டிகோ பக்கத்தில்கூட வராது.

பிப்ரவரி 12

வாயுவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு நல்ல உதாரணம் ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் விளையும் சாக்கோலி. ஹொண்டராபி சூரி என்ற திராட்சை. மழை கொட்டும் ஊர். ஒயினில் லேசான குறுகுறுப்பு இருக்கும், ஆல்கஹால் 11 பக்கம். பாட்டிலைத் தலைக்கு மேலே பிடித்துக் கீழே இருக்கும் கிளாஸில் ஊற்றுவார்கள், நம் டீக்கடை மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி. ஒரு மீன் துண்டு, ஒரு வாய் சாக்கோலி. வைத்து ரசிக்கிற சமாச்சாரம் கிடையாது, பறித்த அடுத்த வருஷமே தீர்த்துவிட வேண்டும்.

போர்ச்சுகலின் வின்யோ வெர்தேயிலும் இந்தக் குறுகுறுப்பு உண்டு. அந்தக் காலத்தில் பாட்டிலுக்குள் மாலிக் அமிலம் லாக்டிக்காக மாறும்போது தானாக வந்தது. இப்போது பெரும்பாலும் அடைக்கும்போது வாயுவைச் சேர்க்கிறார்கள். லேபிளில் லூரெய்ரோ அல்லது அல்வரீன்யோ என்று திராட்சைப் பெயர் போட்டிருந்தால் ஒரு படி மேல்.

பிப்ரவரி 12, இரவு

அந்த மாலிக்-லாக்டிக் மாற்றத்தைப் பற்றி ஒரு வரி. பாக்டீரியா செய்கிற வேலை அது. கூரான மாலிக் போய், மோரில் இருக்கும் மென்மையான லாக்டிக் வரும், கூடவே வெண்ணெய் வாசனையும் வரலாம். சுருக்கு வேண்டும் என்கிற ஒயினில் இதை நடக்கவிடாமல் குளிர்வித்து, வடிகட்டி, சல்ஃபைட் போட்டு நிறுத்துவார்கள். லேபிளில் வெண்ணெய், பீப்பாய், வனிலா என்று எழுதியிருந்தால் கேள்வி கேட்ட நண்பருக்கு அது ஆகாது.

பிப்ரவரி 18

நம் நாட்டு ஒயினைப் பற்றி ஏன் பேசவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதிகம் பேசப்படாத ஊர் என்றால் உலகக் கண்ணுக்கு நாசிக்கும் நந்தி மலையும்தானே.

இங்கே கொடி தூங்குவதே இல்லை. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். நம் ஊரில் நாம்தான் கத்தரிக்கோலால் அதற்கு நாள் குறிக்க வேண்டும். ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, கிளை முறுக்கேற. செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து, காய் பிடிக்க. அப்புறம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடை. மழைக் காலத்தில் காயே வராமல் தள்ளிவைத்து, குளிர்மாத ராத்திரிகளில் பழுக்கவைக்கிற ஏற்பாடு இது. நாசிக்கில் ஜனவரி ராத்திரி 10 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். மாலிக் தங்குவதற்கு அதுதான் காரணம். பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறினால் புளிப்பு மளமளவென்று இறங்கிவிடும், அதனால் பறிக்கிற நாளில் சூதாட முடியாது.

நாசிக்கில் சுலா என்ற ஒயின் நிறுவனம் 2000இல் முதல் ஒயின்களை வெளியிட்டபோது சாவிஞோன் பிளாங்கும் ஷெனின் பிளாங்கும் இருந்தன. அதற்கு முன்பே நந்தி மலையடிவாரத்தில், தொட்டபள்ளாபுரம் பக்கம், குரோவர் குடும்பம் 1988இல் தோட்டம் தொடங்கிவிட்டது. ஹம்பி பக்கம் கிருஷ்மா என்ற சின்னத் தோட்டத்தின் சாவிஞோன் பிளாங்க் கிடைத்தால் விடாதீர்கள். பாறைகள் தகிக்கும் ஊரில் இவ்வளவு கூரான ஒயினா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நம் நாட்டு வெள்ளை ஒயின்களில் லிட்டருக்கு 6 கிராமை ஒட்டித்தான் பெரும்பாலும் அளந்திருக்கிறேன். சூடான நாடுகளில் டார்டாரிக் அமிலம் சேர்த்துச் சரிசெய்வது வழக்கமான வேலை, ஒளிக்க வேண்டிய சங்கதி அல்ல. நாங்களும் கூழில் சிட்ரிக் சேர்க்கிறோம். ஆனால் அதைச் சாறு நொதிக்கும் முன்பே சேர்த்தால் ஒயினோடு கலந்து ஒன்றாகிவிடும். கடைசியில் சேர்த்தால் நாக்கின் நுனியில் தனியாக நிற்கும், விழுங்கிய பிறகு ஒன்றும் இருக்காது. இந்த வித்தியாசத்தை ஒரு தடவை பிடித்துவிட்டால் பிறகு எப்போதும் தெரியும்.

பிப்ரவரி 19

கம்பம் பன்னீர் திராட்சையில் வெள்ளை ஒயின் வராதா என்று கேட்டவருக்கு: வரும். பன்னீர் என்று நாம் சொல்வது ஹாம்பர்க் மஸ்கட். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. தோல்தான் கறுப்பு, சாறு வெளிறியதுதான். தோலை ஊறவிடாமல் உடனே பிழிந்தால் வெள்ளை ஒயினுக்கான சாறு ரெடி. சீனாவில் தியான்ஜின் நகரில் பிரெஞ்சுக் கூட்டோடு 1980இல் தொடங்கிய ஒரு ஆலை, இதே திராட்சையில் வெள்ளை ஒயின் செய்துதான் பெயர் வாங்கியது. அது லேசான இனிப்போடு வரும் வகை. கம்பத்தில் யாராவது இதைச் சீக்கிரம் பறித்து, குளிர நொதிக்கவிட்டு, சர்க்கரை மீதமில்லாமல் செய்து பார்க்க வேண்டும். ரோஜா வாசனையும் புளிப்பும் சேர்ந்தால் என்ன ருசி! எனக்கு இதில் உண்மையான ஆசை உண்டு.

பிப்ரவரி 23

கோபத்தோடு எழுதுகிறேன். ஒரு பெரிய கடையில், ஆசை ஆசையாக, ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லினர் வாங்கினேன். திறந்தால் அவித்த ஆப்பிள் வாசனை, நிறம் தேன் மாதிரி. வெள்ளை மிளகு வாசனையும் பச்சைப் பட்டாணி வாசனையும் வர வேண்டிய ஒயின் அது. பாட்டில் வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. திருப்பிக் கேட்டதற்கு, ஒயின் பழசானால் நல்லது சார் என்றார்கள்.

எல்லா ஒயினும் பழசானால் நல்லதில்லை. இந்த இழையில் பேசுகிற ஒயின்களில் முக்கால்வாசியை அறுவடை வருஷத்திலிருந்து இரண்டு, மூன்று வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். அசிர்ட்டிகோ, ஹன்டர் செமியோன், ரீஸ்லிங், நல்ல மஸ்கடே போன்றவை விலக்கு. லேபிளில் வருஷம் பாருங்கள். தென்கோளத்தில் அறுவடை பிப்ரவரியை ஒட்டி, வடகோளத்தில் செப்டம்பரை ஒட்டி. ஒரே வருஷம் போட்டிருந்தாலும் ஆஸ்திரேலிய பாட்டில் அரை வருஷம் மூத்தது. கார்க் வாயைவிட்டுத் துளியாவது மேலே எழும்பியிருந்தால் சூடு பட்டது, தொடாதீர்கள். திருகு மூடி கிடைத்தால் சந்தோஷமாக வாங்குங்கள், அது மட்டம் இல்லை. அலமாரியின் முன்வரிசையை விட்டுவிட்டு, ஏசி ஓடுகிற மூலையில் படுக்கவைத்திருப்பதைக் கேளுங்கள்.

பிப்ரவரி 24

ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் என்று ஒருவர் பயந்திருக்கிறார். கண்ணாடி இல்லை. டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படிகமாக இறங்கியது. கெடுதி இல்லை. மெதுவாக ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்.

மார்ச் 2

சாப்பாடு. எனக்கு இதுதான் முக்கியம், ஒயின் இதற்காகத்தான்.

நம் வாய் புளிப்பில் வளர்ந்தது. மாங்காய், புளி, எலுமிச்சை, தக்காளி இல்லாமல் நமக்கு நாள் போகாது. சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் தண்ணீராகிவிடும். பெரிய பேர்வாங்கின வெண்ணெய் வாசனை ஷார்டனே நம் மீன் குழம்புக்குப் பக்கத்தில் நிற்காமல் போவது இதனால்தான். காரம் இன்னொரு பிரச்சினை. ஆல்கஹால் கூடினால் காரம் இன்னும் எரியும். ஆகவே நம் சமையலுக்குப் புளிப்பு அதிகம், ஆல்கஹால் குறைவு. இந்த இரண்டும் ஒரே பாட்டிலில் கிடைப்பது பிரபலமான ஊர்களில் கஷ்டம், பேர் தெரியாத ஊர்களில் சுலபம்.

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் வறுக்கிற ஜிலேபி மீன், ஒகேனக்கலில் ஆற்றோரம் மசாலா தடவி வறுத்துத் தருகிற மீன் இரண்டையும் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்திருக்கிறேன். எலைட் டாஸ்மாக்கில் கிடைத்த நாசிக் சாவிஞோன் பிளாங்கை நன்றாகக் குளிரவைத்து, மீனுக்கு எலுமிச்சை பிழியாமல் சாப்பிட்டோம். எலுமிச்சை வேலையை ஒயின் பார்த்துக்கொண்டது. மீனின் மொறுமொறுப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை அது துடைத்துவிடும். உப்பு, ஒயினின் கூர்மையைக் கொஞ்சம் தணிக்கும். மீன் வறுவல் மாதிரி இதற்குப் பொருத்தம் வேறில்லை. நெத்திலி கிடைத்தால் இன்னும் விசேஷம்.

புளி கரைத்த மீன் குழம்புக்கு இது போதாது. அதற்கு அசிர்ட்டிகோ, அல்லது ஆஸ்திரேலியாவின் ஈடன், கிளேர் பள்ளத்தாக்குகளின் சர்க்கரை மீதமில்லாத ரீஸ்லிங் வேண்டும். டார்டாரிக்குக்கு டார்டாரிக். கீரைக் கடைசலுக்கு க்ரூனர் வெல்ட்லினர்.

குளிரவைக்க: வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி, ஒரு கைப்பிடி கல்லுப்பு. கால் மணி நேரத்தில் 8, 10 டிகிரிக்கு வந்துவிடும். வெறும் ஐஸில் புதைத்தால் நேரமாகும், தண்ணீர்தான் பாட்டிலைச் சுற்றி ஒட்டும். கிளாஸில் ஐஸ் மட்டும் போடாதீர்கள்.

மார்ச் 3

பெங்களூரில் வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு: அனுமதி இல்லாமல் பாட்டிலோடு மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் வழக்கு. நான் அங்கே வாங்கியதை அங்கேயே குடிக்கிறேன், இங்கே எலைட் கடையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிறேன்.

மார்ச் 9

எண்ணை வைத்து நிறையப் பேசினேன். எண்ணுக்கு அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

ஜப்பானின் யமனாஷி மாகாணத்தில் கோஷூ என்று ஒரு திராட்சை. தோல் வெளிர் ரோஜா நிறம். மழை ஊர் என்பதால் பந்தலில் ஏற்றி, குலைக்கு மேலே காகிதத் தொப்பி கட்டுகிறார்கள். இதன் புளிப்பு அதிகம் கிடையாது. ஆனாலும் குடித்தால் சுத்தமாக, மெலிந்து, சுருக்கென்று இருக்கிறது. தோலிலிருந்து வரும் ஒரு துளிக் கசப்புதான் அந்த வேலையைச் செய்கிறது என்பது என் எண்ணம். நெல்லிக்காய் சாப்பிட்டபின் தண்ணீர் தித்திக்குமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த உணர்வு. 2010இல் சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பின் பட்டியலில் கோஷூ சேர்ந்தது.

மீனோடு சில ஒயின்கள் கவுச்சி அடிப்பதற்குக் காரணம் ஒயினில் இருக்கும் இரும்பு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். மீன் கொழுப்போடு இரும்பு சேர்ந்தால் அந்த வாசனை கிளம்புகிறதாம். ஆகவே சிவப்போ வெள்ளையோ என்பதைவிட அந்த பாட்டிலில் எவ்வளவு இரும்பு என்பதுதான் கணக்கு. இது லேபிளில் இருக்காது, நாக்குதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று பிரெஞ்சு ஆல்ப்ஸ் அடிவாரத்தின் ஜாக்கேர். 1248 நவம்பரில் கிரானியே மலையின் ஒரு பக்கமே சரிந்து ஊர்களை மூடியது. அந்தச் சரிவுக் கற்களின் மேல்தான் இன்று அப்ரமோன் தோட்டங்கள் நிற்கின்றன. 11 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால், மலை ஓடைத் தண்ணீர் போன்ற ருசி. இதை ஒரே ஒரு கிளாஸ்தான் குடித்திருக்கிறேன், வெளிநாட்டில். பெங்களூரில் எங்கும் பார்க்கவில்லை. கண்டவர்கள் கடையைச் சொல்லுங்கள்.

மார்ச் 15

தளியில் வெள்ளைத் திராட்சை நடலாமா? மாமாவும் நானும் இதைப் பல ராத்திரி பேசியிருக்கிறோம்.

தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதி. வெள்ளைக்காரன் குட்டி இங்கிலாந்து என்று சொன்ன ஊர். ராத்திரி குளிரும். தொட்டபள்ளாபுரத்தில் முடிவது இங்கே ஏன் முடியாது என்று மாமா கேட்பார். எனக்கு இடிப்பது மழை. காய்க்கவாத்து முடிந்து பூவெடுக்கும் அக்டோபர், நவம்பரில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை தூறும். அந்த ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் இளங்குருத்தைக் கருக்கிவிடும். கவாத்தைத் தள்ளிப்போட்டால் பழுப்பது ஏப்ரல் வெயிலில் மாட்டும், மாலிக் போய்விடும். நடுவில் இருக்கும் ஜன்னல் சின்னது. முடியாது என்று சொல்லமாட்டேன். ரோஜாவுக்கு நிழல்கூடமும் சொட்டுநீரும் போட்டுப் பழகிய ஓசூர் விவசாயிக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போடுவது புதிதல்ல. யார் கையில் காசும் பொறுமையும் இருக்கிறதோ அவர் ஒரு ஏக்கரில் ஷெனின் போட்டுப் பார்க்கட்டும், அளக்கிற வேலையை நான் இலவசமாகச் செய்கிறேன்.

மார்ச் 22

கடைசியாக எதை வாங்குவது என்று தருமபுரி நண்பர் மறுபடியும் கேட்கிறார், பட்ஜெட்டையும் சொல்லிவிட்டார். அந்தக் காசுக்கு முதலில் ஒரு நாசிக் அல்லது ஹம்பி சாவிஞோன் பிளாங்க், புதிய வருஷத்தது. பக்கத்தில் உங்கள் நியூசிலாந்து பாட்டிலையும் வைத்து மீன் வறுவலோடு குடியுங்கள். இரண்டாவது, பிக்பூல் கிடைத்தால் பிக்பூல், இல்லையென்றால் மஸ்கடே. மூன்றாவதாகக் காசு சேர்த்து ஒரு அசிர்ட்டிகோ. வின்யோ வெர்தே கண்ணில் பட்டால் நடுவில் எப்போது வேண்டுமானாலும். மீந்ததை மூடி இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், புளிப்பு அதிகமானது இன்னும் ஒரு நாள் கூடத் தாங்கும்.

ஹங்கேரியின் ஃபூர்மிந்த் பற்றிக் கேட்டவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. டோக்காயில் இனிப்பு ஒயினுக்குப் பேர்போன திராட்சை, இப்போது சர்க்கரை இல்லாமலும் செய்கிறார்கள். மாமா ஒரு பாட்டில் சொல்லிவைத்திருக்கிறார். வந்ததும் பி.எச்.சும், டைட்ரேஷன் என்கிற அந்தச் சொட்டு அளவையும் போட்டு எண்ணோடு எழுதுகிறேன். மே பிறந்தால் பெங்களூரா லோடு வரிசைகட்டி நிற்கும், ஜூலை வரை லேபை விட்டு நகர முடியாது. அதற்குள் வந்தால் உண்டு.